குழிக் குத்தகை

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு. யூபா சிட்டி, கலிஃபோர்னியா

இந்த வாத்து வேட்டைச் சீசனுக்குக் குழி எடுப்பதா வேண்டாமா என்பதை மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். என்னோடு வேட்டைக்கு வரும் பாஜி சாயங்காலம் ஒரு கூடை பீச் பழத்தோடு வந்து விவரம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு குழிகளில் இடம் இருக்கிறது. ஒன்று சாக்ரமெண்டோ ஆற்றுக்கு மேற்கே, கொலுசா கவுண்டியில், டெலவன் சரணாலயத்துக்குப் பக்கம். இன்னொன்று ஆற்றுக்குக் கிழக்கே, பியூட் கவுண்டியில், கிரிட்லிக்கு மேற்கே கிரே லாட்ஜ் போகும் வழியில். வழக்கமாகக் கோடை தொடங்கும் முன்பே குத்தகையெல்லாம் பேசி முடிந்துவிடும். மேற்கில் ஒரு பங்குக்காரர் ஐடஹோவுக்குக் குடிபோகிறார். கிழக்கில் ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதனால்தான் ஆகஸ்டில் கூட இடம் காலி.

மேற்குக் குழிக்கு ஆளுக்கு 4,500 டாலர். கிழக்கில் 2,800. அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி 31 வரை, ஏறக்குறைய நூறு நாள் சீசன்.

ராத்திரி திருத்துறைப்பூண்டிக்குப் பேசியபோது அண்ணனிடம் சொன்னேன். “வயல்ல குழியா? அதுல குந்தியிருக்கறதுக்கு வாடகையா?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய நெல் வயலில், இரும்பிலோ ஃபைபரிலோ செய்த தொட்டியைக் கழுத்தளவு புதைத்து வைத்திருப்பார்கள். விளிம்பு மட்டும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கும். உள்ளே பெஞ்சு, தோட்டா வைக்க ஒரு தட்டு, மேலே வைக்கோல் சொருகிய மூடி. விடிவதற்கு முன் அதில் இறங்கி உட்கார்ந்தால், மேலே வட்டமிடும் வாத்துக்கு மனிதன் இருப்பது தெரியாது. வரப்பும் வானமும் தவிர வேறு ஒன்றும் இல்லாத சமவெளியில் ஒளிந்துகொள்ள வேறு வழியே கிடையாது. மரம் இருக்கும் இடத்தில் இதற்குத் தேவை இருக்காது என்றேன். “சரி, சுட்டதைத் தின்னுவியா?” என்றார் அண்ணன். தின்போம் என்றேன். அதற்குப் பிறகு அவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குத்தகைப் பணம் கொடுக்காமலும் வேட்டைக்குப் போகலாம். இதுவரை அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். சாக்ரமெண்டோ, டெலவன், கொலுசா, சட்டர் என்று நான்கு மத்திய அரசு சரணாலயங்களிலும், மாநில அரசின் கிரே லாட்ஜிலும் புதன், சனி, ஞாயிறுகளில் பொதுமக்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். குலுக்கலில் பெயர் வந்தால் யோகம். வராதவர்கள் முன்னிரவே போய் வண்டியில் படுத்து, யாராவது திரும்பி வந்தால் அந்த இடத்துக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். பனிமூட்டத்தில் ஹீட்டர் போடாமல் காரில் உட்கார்ந்து, காலை ஒன்பதுக்கு ‘இன்று இடமில்லை’ என்று கேட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

இருந்தாலும் அந்தப் பொது நிலத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம். பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் 25 டாலர் கொடுத்து மத்திய அரசின் வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். 1934-ல், ஏரிகளும் சதுப்புகளும் காய்ந்து வாத்தினமே ஒடுங்கிப்போன காலத்தில் தொடங்கியது அது. ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. சுடுகிறவன் காசில்தான் பறவையின் குடியிருப்பு நிற்கிறது. முத்திரையின் குறுக்கே மையில் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு வருஷமும் இது நினைவுக்கு வருகிறது.

தனியார் குழிக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? இதற்கு விடை தெரிந்தால்தான் என்னால் முடிவு எடுக்க முடியும்.

ஆகஸ்ட் 10, சனி

ஐந்தரைக்கெல்லாம் பாஜியின் பிக்கப்பில் கிளம்பிவிட்டோம். ஒன்பதுக்கு மேல் வரப்பில் நிற்க முடியாத வெயில் இது. கொலுசாவைத் தாண்டி மேற்கே திரும்பியதும் இருபுறமும் நெல். பால் பிடிக்கும் பருவம். மே மாதம் விமானத்திலிருந்து முளைகட்டிய விதையைத் தண்ணீரில் தூவிய பயிர். நாற்றங்கால் கிடையாது, நடவும் கிடையாது. இங்கே வந்த முதல் வருஷம் நெல் விதைக்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினேன். இப்போது ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அந்த நெல்லின் ஈரப்பதம் பார்ப்பதே என் பிழைப்பு.

மேற்குக் குழியைக் காட்ட மேலாளர் வந்திருந்தார். சுறுசுறுப்பான ஆள், பேச்சில் தடங்கலே இல்லை. குழி ஒரு பெரிய பாத்தியின் நடுவில் இருக்கிறது. பயிர் நிற்பதால் அங்கே போக முடியவில்லை. அதே பட்டறையில் செய்து வரப்பில் புதைத்த இன்னொன்றைத் திறந்து காட்டினார். நல்ல வேலைப்பாடு. எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம். பக்கத்தில் நாய்க்குத் தனிக் கூடு. மூடி சறுக்கித் திறக்கிறது, சத்தமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது மூலையில் பிளாக் விடோ சிலந்தி ஒன்று. கோடையில் மூடிக் கிடக்கும் குழியில் கையை விடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடியில் எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்தது. வயலில் தண்ணீர் ஏறினால் சேறு குழம்பாகிவிடும். அதற்குள் கிடக்கும் காலித் தொட்டி ஒரு படகு. இந்த அளவுத் தொட்டியைத் தண்ணீர் மூன்றரை டன் விசையோடு மேலே தள்ளும். அடித்தட்டை நாலு பக்கமும் சிறகு போல நீட்டி, அதன் மேல் மண்ணை ஏற்றி அழுத்தினால்தான் கிடந்த இடத்தில் கிடக்கும். சரியாகக் கட்டாத குழி டிசம்பரில் ஒரு நாள் தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். இந்தக் குழிகளுக்கு அந்தக் கவலை இல்லை. கசியும் நீரை இறைக்கச் சின்னப் பம்பும் வைத்திருக்கிறார்கள்.

இடம் இன்னும் நன்றாக இருக்கிறது. சரணாலயத்தின் மூடிய பகுதியில் பகல் முழுக்க இருக்கும் வாத்து, இரவில் வெளியே பறந்துபோய் வயலில் சிதறிய நெல்லைத் தின்றுவிட்டு, விடியும் நேரம் திரும்பும். அந்தப் போக்குவரத்துப் பாதையில் நேராக இருக்கிறது இந்தப் பாத்தி. சரணாலயத்தில் வேட்டை நடக்கும் நாட்களில் அங்கிருந்து கிளம்பி வருவதும் இந்தப் பக்கம்தான்.

மேலாளர் தன் வண்டியிலிருந்து ஒரு பேரேட்டை எடுத்துக் கொடுத்தார். குழி வாரியாக, நாள் வாரியாக, எத்தனை பறவை, என்ன இனம், காற்று எந்தப் பக்கம். அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊசிவால், கிளுவை, விஜன், வெள்ளை வாத்து என்று பக்கம் பக்கமாக. பாஜி ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். 2020 நவம்பர், டிசம்பர், 2021 ஜனவரி. அடுத்த பக்கம் 2023 அக்டோபர்.

நடுவில் இரண்டு சீசன் எங்கே என்று கேட்டேன்.

“தண்ணீர் இல்லை” என்றார்.

“குத்தகைப் பணம்?”

“குத்தகை குத்தகைதான்” என்றார், முகம் மாறாமல். ஒப்பந்தத்திலும் அப்படியே இருக்கிறது: வறட்சி, நோய், அரசு உத்தரவு, வேறு எந்தக் காரணமானாலும் பணம் திரும்பாது. ஒளிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பாஜி இரண்டு முறை கூப்பிட்டார். மேற்குதான் என்கிறார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் பழத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். துணிந்து பணம் போட்டுப் பழக்கம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ஆலையில் இன்று வேலை குறைவு. மத்தியானம் முழுக்கத் தண்ணீர்க் கணக்கையே படித்துக்கொண்டிருந்தேன்.

நான் கடைமடைக்காரன். எங்கள் ஊரில் நிலம் வாங்குகிறவன் மண்ணைப் பார்ப்பதற்கு முன் வாய்க்காலைப் பார்ப்பான். எத்தனையாவது மதகு, யாருக்கு அடுத்து நமக்கு, ஆற்றில் குறைந்தால் முதலில் யாருக்கு நிற்கும். மேற்குக் குழியில் நின்றபோது என் மனசு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

2022-ல் கலிஃபோர்னியாவில் நெல் சாகுபடி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாதாரணமாக ஐந்து லட்சம் ஏக்கர். அந்த வருஷம் அதில் பாதிதான். மொத்தச் சமவெளியும் சீராகப் பாதியாகவில்லை. ஷாஸ்டா ஏரியை நம்பிய மேற்குக் கரை, கொலுசாவும் கிளென்னும், பெரும்பாலும் தரிசாகவே கிடந்தது. ஓரோவில் ஏரியின் தண்ணீர் வரும் கிழக்குக் கரைக்குப் பாதிப் பங்கு கிடைத்தது. எங்கள் ஆலைக்கு அந்த அறுவடையில் வந்த லாரிகள் கிட்டத்தட்ட எல்லாம் கிழக்கிலிருந்துதான். கொலுசா ஊர்களில் உரக்கடை, உலர்த்தும் நிலையம், விதைக்கும் விமானக்காரர் என்று எல்லாருக்கும் வேலை போனது. மேற்கே அந்தக் குளிர்காலத்தில் நான் ஓட்டிப் போனபோது, நெடுஞ்சாலையின் இருபுறமும் வெடித்த மண். மேலே வரிசை வரிசையாகப் பறந்துபோன வாத்துகள் இறங்க இடம் தேடித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. அந்தக் காட்சி என்னைவிட்டுப் போகவில்லை.

குளிர்காலத்தில் வயலில் ஏன் தண்ணீர் கட்டுகிறார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் குத்தகைக் கணக்கின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்திவிடுவார்கள். இலையுதிர் காலம் முழுக்கப் பள்ளத்தாக்கே புகையாக இருக்குமாம். 1991-ல் எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் வந்தது. இன்று நோய் கண்ட வயலுக்கு மட்டும் அளவோடு அனுமதி. எரிக்க முடியாத வைக்கோலை என்ன செய்வது? நறுக்கி, மிதித்துச் சேற்றில் அமுக்கி, நாலைந்து அங்குலம் தண்ணீர் கட்டினால் வசந்தத்துக்குள் மக்கிவிடுகிறது. புகையைத் தடுக்க வந்த சட்டம் பறவைக்குச் சோறு போட்டது. இந்த மத்தியப் பள்ளத்தாக்கில் இயற்கையாக இருந்த சதுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எப்போதோ அழிந்துவிட்டது. இன்று இங்கே குளிர்காலம் தங்கும் வாத்துகள் தின்னும் தீனியில் பாதிக்கு மேல் நெல் வயலில் இருந்துதான் கிடைக்கிறது.

ஆக, உழவர் வைக்கோலுக்காகத் தண்ணீர் கட்டுகிறார், வாத்து வருகிறது, வாத்துக்காக வேட்டைக்காரன் வருகிறான், அவன் பணம் தண்ணீர்ச் செலவில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. தண்ணீர் தாராளமாக இருக்கும் வருஷத்தில் நான் கொடுக்காவிட்டாலும் வயல் நனைந்துதான் இருக்கும். இழுபறியான வருஷத்தில்தான் என் பணத்துக்கு வேலை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பணம் தன்னுடையது என்கிற ஒப்பந்தத்தில் அந்த வேலை நடக்காது. அங்கே மதகைத் திறக்க யாருக்கும் அவசரம் இருக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 17, சனி

கிழக்குக் குழி. நிலத்துக்காரர் எழுபது கடந்த ஒரு அம்மா. அவருடைய நெல் மாதிரிகள் எங்கள் ஆலைக்கு வருவதால் முகம் பழக்கம். கணவர் போன பிறகு மகனோடு சேர்ந்து அவரே சாகுபடி பார்க்கிறார். வாசலிலேயே காத்திருந்து, “காலணி மாற்றிக்கொள்ளுங்கள், வடிகால் பக்கம் சேறு” என்றார்.

குழி ஃபைபர். பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு மூலையில் விரிசல் விழுந்து பிசின் பூசியிருக்கிறார்கள். பெஞ்சுப் பலகை இற்றுப்போயிருக்கிறது. நாய்க்குக் கூடு இல்லை. முழங்கால் அறுவை செய்துகொண்டவர் அதைக் கவனித்தே ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை பெரியது. வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். இந்தப் பள்ளத்தாக்கில் மழை ஓய்ந்ததும் வடகாற்று கிளம்பும்; அப்போது அவை தெற்கிலிருந்து தாழ்ந்து வரும். குழியும் தெற்கு பார்த்துத்தான் இருக்கிறது, அதுவரை சரி. ஆனால் டிசம்பர் சூரியன் தென்கிழக்கில் தாழ எழுந்து ஒன்பது மணி வரை நேராகக் கண்ணில் விழும். நம் முகமும் வாத்துக்குப் பளிச்சென்று தெரியும், நமக்கு இனமும் பிரித்தறிய முடியாது. இனம் தெரியாமல் சுடக் கூடாது. இந்தச் சீசனுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஏழு வாத்து. அதில் ஊசிவால் ஒன்றே ஒன்று, மல்லார்ட் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. சூரியனுக்கு எதிரே கறுப்பு நிழலாகத் தெரியும் வாத்தை எப்படிப் பிரிப்பது? ஒன்பது வரை கிழக்குப் பக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்றார் பாஜி. அவர் குரலில் உற்சாகம் இல்லை.

வடக்கே இரண்டு பாத்தி தள்ளி இன்னொரு குத்தகைக்காரரின் குழி. எட்டாத உயரத்தில் போவதையெல்லாம் சுடுகிற ஆள்கள் அங்கே வந்துவிட்டால் நம் காலையும் போகும்.

பறவைக் கணக்கு இருக்கிறதா என்று பாஜி கேட்டார். அந்த அம்மா வீட்டுக்குள் போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அதில் ஒரு வாத்துகூட இல்லை. முழுக்கத் தண்ணீர். எந்தத் தேதியில் மடைப்பலகை போட்டார்கள், எப்போது பாத்தி நிறைந்தது, எத்தனை அங்குலம், எப்போது வடித்தார்கள். கணவர் கையெழுத்தில் தொடங்கி இவர் கையெழுத்தில் தொடர்கிறது. 2022-ம் வருஷப் பக்கத்தைத் தேடினேன். பாதி நிலத்தில் மட்டும் பயிர் வைத்ததும், நவம்பரில் இந்தப் பாத்திக்குத் தண்ணீர் கிடைக்காததும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு பெயர், இரண்டு தொகை, “திருப்பிக் கொடுத்தாயிற்று” என்று ஒரு வரி.

நான் அந்த நோட்டை மூடிக் கொடுத்தபோது எனக்குப் பாதி முடிவு ஆகிவிட்டது.

இன்னும் சில நிபந்தனைகள் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் மட்டும் சுடலாம். மத்தியானம் பன்னிரண்டோடு நிறுத்திவிட வேண்டும். பிற்பகலில் வயல் பறவையுடையது. அமைதியாக மேய விட்டால்தான் மறுபடி வரும். மழை நாளில் வரப்பில் வண்டி கூடாது, நடந்துதான் போக வேண்டும். வாய்க்கால் கரையில் பாம்பைக் கண்டால் தொடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இனமான பெரிய கார்ட்டர் பாம்பு அங்கே இருக்கிறது. கொக்கு இறங்கியிருந்தால் அது எழுந்து போகும்வரை துப்பாக்கியை எடுக்காதீர்கள் என்றார். சாண்ட்ஹில் கொக்கைச் சொல்கிறார். அதைச் சுடச் சட்டமும் இடம் தராது. ஆனால் அவர் சட்டத்தைச் சொல்லவில்லை, சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் பணத்தைச் சொன்னேன். மேற்குத் தொகையைக் கேட்டதும் கையை நிறுத்திவிட்டாள். கிழக்குத் தொகைக்கும் பெரிதாக முகம் மலரவில்லை. ஆனால் அவள் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை.

“என்னங்க, இப்ப நீங்க போறது குலுக்கல்ல பேரு வந்தா. கெடைச்சா கெடைச்சது, இல்லன்னா பொழுதோட வந்துடுறீங்க. காசு கட்டிட்டா அப்படி இருப்பீங்களா? இத்தனை கட்டியிருக்கோமே, இத்தனையாவது எடுக்கணும்னு கணக்கு ஓடாதா?”

ஓடாது என்று உடனே சொல்ல முடியவில்லை. ஓடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சீசன் முடிவில் குத்தகையைப் பறவை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு வாத்து இவ்வளவு டாலர் என்று சொல்லுவார்கள். அந்தத் தொகையைக் குறைக்க ஜனவரிக் கடைசியில் தட்டைவாயனைக்கூட விடாமல் சுட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய் யாரும் சமைக்காமல் ஃப்ரீசரில் போட்டுவைப்பார்கள். நெல் தின்று கொழுத்த ஊசிவாலை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு அவள் வறுக்கும் கறிக்கு ஈடே இல்லை. ஆனால் அதில் எங்களுக்குத் தேவைப்படுவது ஒரு குளிர்காலத்துக்குக் கொஞ்சம்தான். இந்தப் பறவையை விற்கவும் சட்டம் அனுமதிக்காது, 1918-ம் வருஷத்து வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே அப்படி. ஆகவே தின்பதற்கு மேல் எடுக்க ஒரு காரணமும் இல்லை.

அப்புறம் ஊசிவாலைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் கோடியக்கரைப் பக்கம். அங்கே குளிர்காலத்தில் வந்து இறங்குவதும் இதே ஊசிவால்தான். அது வட ஆசியாவிலிருந்து வருகிறது, இது அலாஸ்காவிலிருந்தும் கனடாவின் புல்வெளியிலிருந்தும். அங்கே 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அதைத் தொட்டால் ஜெயில். இங்கே இந்தச் சீசனுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று அளந்து கொடுக்கிறார்கள், ஒவ்வொரு வசந்தத்திலும் விமானத்தில் பறந்து எண்ணிப் பார்த்துவிட்டு. “ஒண்ணுன்னா ஒண்ணோட நிறுத்துங்க, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல” என்றாள்.

அவள் வாயிலிருந்து சம்மதம் இப்படித்தான் வரும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ராத்திரி யோசித்து ஒன்று தோன்றியது. குத்தகைப் பணத்தைப் பறவையால் வகுக்காமல், தண்ணீர் நின்ற நாட்களால் வகுத்தால் என்ன? அக்டோபர் கடைசியிலிருந்து அந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு நாளும், நான் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து தின்றுவிட்டுப் போகும். அந்த நாட்களுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். குழி அதில் எனக்கு ஒரு இருக்கை. இப்படி நினைத்தால் வெறுங்கையோடு திரும்பும் காலையும் எனக்கு உறுத்தாது. காலையில் அவளிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

பாஜியோடு நீண்ட நேரம் பேச்சு. மேற்கில் பறவை இரண்டு பங்கு என்கிறார். உண்மை. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடந்த இரண்டு குளிர்காலமும் நல்ல மழை, ஷாஸ்டா நிறைந்திருக்கிறது, இந்த வருஷம் மேற்கில் தண்ணீருக்குப் பஞ்சமே இருக்காது என்கிறார். அதுவும் உண்மை. இந்த ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால் அவர்தான் சரி.

நான் சொன்னது இதுதான்: குழி எடுக்கிறவர்கள் வருஷா வருஷம் தொடருகிறார்கள். ஒரு முறை உள்ளே போனால் இடத்தை விடுவதில்லை. அடுத்த வறட்சி எப்போது என்று யாருக்கும் தெரியாது, வரும் என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு நாம் யாரோடு இருப்போம்? பேரேட்டில் பறவையை எழுதி, வறண்ட இரண்டு வருஷத்தைத் தாண்டிப் போகிறவரோடா? மடைப்பலகை போட்ட தேதியை எழுதி, பணத்தைத் திருப்பிக் கொடுத்த அந்த அம்மாவோடா?

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பெஞ்சை நான் மாற்றிவிடுகிறேன், நாய்க்கூடும் செய்ய வேண்டும்” என்றார். சூரியனைப் பற்றி இன்னும் முணுமுணுத்தார்.

சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் போன் செய்து இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது, பயிர் சாய்ந்த இடம். பாத்தியின் தென்மேற்கு மூலையில் கொஞ்சம் நெல் இப்போதே படுக்கத் தொடங்கியிருக்கிறது. அறுவடை இயந்திரத்துக்கு அது எட்டாமல் போகலாம். தானாகச் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தால் சட்டச் சிக்கல் இல்லை. அறுக்காத நெல்லை அப்புறம் உருளை ஓட்டி மிதித்துவிட்டால் அந்த வயல் முழுக்க இரை தூவிய வயலாகிவிடும். தானியம் மொத்தமும் போய்ப் பத்து நாள் கழியும்வரை யாரும் அங்கே சுடக் கூடாது. உழவர் செய்தார், எனக்குத் தெரியாது என்று வேட்டைக்காரன் தப்பிக்கவும் முடியாது. தெரிந்திருக்க வேண்டியது அவன் பொறுப்பு. அந்த மூலையை என் மகன் தொடமாட்டான், அறுவடை முடிந்ததும் நீங்களே வந்து பாருங்கள் என்றார்.

இரண்டாவதைக் கேட்கத் தயக்கமாக இருந்தது. ஜனவரி 31 சீசன் முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுவீர்களா என்று கேட்டேன். நிலம் காய வேண்டுமே, வடித்துத்தான் ஆக வேண்டும் என்றார். பிப்ரவரியில்தான் உள்ளான்களும் மற்றச் சின்னக் கரையோரப் பறவைகளும் வடக்கே திரும்பும் வழியில் ஆழமில்லாத தண்ணீர் தேடுகின்றன. எல்லாரும் ஒரே வாரத்தில் வடித்துவிட்டால் அவற்றுக்கு இடமில்லை. 2014-லிருந்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அந்த வாரங்களுக்கு மட்டும் உழவர்களிடம் ஏலம் கேட்டு வயலை வாடகைக்கு எடுத்து நனைய வைக்கிறது. அவருக்கு அது தெரிந்திருந்தது; பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வருஷம் சேர்ந்தாராம். நான் இருநூறு டாலர் கூடத் தருகிறேன், குழி இருக்கும் அந்த ஒரு பாத்தியில் மட்டும் பிப்ரவரி இருபது வரை இரண்டங்குலம் விட்டுவைக்க முடியுமா என்றேன்.

“சுட முடியாத நாளுக்கா?”

ஆமாம் என்றேன். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 24, சனி

கையெழுத்துப் போட்டாயிற்று. கிழக்குக் குழிதான்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு தாளில் முடித்தோம். பணம் இரண்டு தவணை. பாதி இன்று. மீதி, பாத்தியில் நாலங்குலம் தண்ணீர் ஏறிய அன்று. நவம்பர் 10-க்குள் தண்ணீர் வராவிட்டால் முதல் பாதியும் திரும்பும். இந்தக் கடைசி வரியை எழுதச் சொல்ல நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவர் எழுதிவிட்டார். மூன்று நாள், பன்னிரண்டு மணி, கொக்கு எல்லாம் இருக்கிறது. விருந்தாளி ஒருவரைக் கூட்டிவரலாம், குழியில் இருவருக்கு மேல் உட்காரக் கூடாது.

பிப்ரவரியைப் பற்றி மகன் பதினைந்தாம் தேதி வரை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இருநூறு வேண்டாம், நூறு போதும், பம்பு ஓட்டுகிற செலவுக்கு என்றாராம். பாஜி ஐம்பதை எடுத்து மேசையில் வைத்தார், அதில் தனக்கும் பங்கு வேண்டும் என்று. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வரும் வழியில் மேற்கு மேலாளருக்குப் போன் செய்து, இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். ஏற்கெனவே இருவர் கேட்டிருப்பதாகச் சொன்னார், வருத்தமில்லை.

செய்ய வேண்டியவை. இப்போது பயிர் நிற்கிறது, குழிக்குள் இறங்கி வேலை பார்க்க அறுவடை முடிய வேண்டும். செப்டம்பர் கடைசி, இல்லாவிட்டால் அக்டோபர் முதல் வாரம். அந்த நாட்களில் ஆலையில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, லாரி வரிசை நெடுஞ்சாலை வரை நிற்கும். அதனால் பாஜிதான் பார்க்க வேண்டும்: விரிசலுக்குப் புதுப் பிசின், பெஞ்சு, பம்புக்குப் புது பாட்டரி, மூடிக்கு வைக்கோல். அடித்தட்டின் மேல் மண் போதுமா என்று தண்ணீர் ஏறுவதற்கு முன் தோண்டிப் பார்க்க வேண்டும், இதை அவர் மறக்கக் கூடாது. நான் இரும்பு ரவைத் தோட்டா வாங்க வேண்டும். ஈயத்துக்கு வாத்து வேட்டையில் 1991-லிருந்தே நாடு முழுக்கத் தடை. முத்திரையும் உரிமமும் புதுப்பிக்க வேண்டும்.

அவளுக்குக் கணக்கைச் சொன்னேன், தண்ணீர் நாளால் வகுக்கும் கணக்கை. அப்படியானால் பிப்ரவரி பதினைந்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னையும் அந்தக் குழிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். ஒப்பந்தத்தில் சீசன் முடிந்த பிறகு குழிக்குள் உட்காரலாமா என்று இல்லை. திங்கட்கிழமை அந்த அம்மாவைக் கேட்டு ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.